பதினோரு மணி நேர விமானம்

திருச்சியிலிருந்து ரோமுக்கு இப்போதெல்லாம் ராக்கெட்டில் ஒன்பது நிமிடம்தான். ஆனாலும் மருந்துக்கடை கஜேந்திரனும் அவர் மனைவி தமயந்தியும் பிடிவாதமாகப் பழைய விமானத்துக்கே டிக்கெட் எடுத்தார்கள். அது போய்ச்சேரப் பதினோரு மணி நேரம் ஆகும்.

"எதுக்கு சார் வீணா?" என்றாள் டிக்கெட் போட்டுக் கொடுத்த பெண்.

"அதுலதான் தட்டுல சோறு குடுப்பாங்களாமே," என்று சமாளித்தார் கஜேந்திரன்.

அவர்களுடையது இரவு பகல் திறந்திருக்கும் கடை. இருபது வருடமாகப் பகலில் அவர், இரவில் தமயந்தி. ஜன்னல் சீட்டு யாருக்கு என்ற சண்டையைக்கூட, கடையில் ஆள் மாறும் அந்த ஐந்து நிமிடத்தில்தான், தினம் கொஞ்சமாக, மூன்று மாதம் போட்டார்கள்.

ஜன்னல் தமயந்திக்கே கிடைத்தது. மேகத்தைப் பார்த்துக் கைதட்டினாள். தட்டில் வந்த சோற்றோடு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதத்தையும் தின்றார்கள். ஓயாமல் பேசினார்கள். பிறகு அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

"இறங்கப் போறோம் சார், அவங்கள எழுப்புங்க," என்றாள் விமானப் பணிப்பெண்.

கஜேந்திரன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொரு சுத்து சுத்திட்டு இறக்கச் சொல்லேம்மா. கல்யாணமாகி இத்தன வருஷத்துல, இவ தூங்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."