கம்பெனி பஸ் நிற்கிறது

மாதனூர் ரோட்டில் பனி இன்னும் விலகவில்லை. புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் ஓட்டத்துக்காகப் பூங்குழலி இந்த வாரம்தான் ஓடிப் பழகுகிறாள். காலில் அக்கா மோகனாவின் ஷூ. நுனியில் துணி அடைத்தும் குதிகால் கழன்று, தார்ச்சாலையில் டப் டப்பென்று அறைகிறது. புளியமரத்தடியில் ஆளேற்றிக்கொண்டு கிளம்பிய ஷூ கம்பெனி பஸ் சட்டென்று நிற்கிறது. பின்விளக்கின் சிவப்பு பனியில் கசிகிறது. தினமும் கடைசி ஆளாக இப்படி ஓடிவந்து ஏறியவள் மோகனா. போன ஆடியில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி டிரைவர் வேலாயுதம் கத்துகிறார்: "ஓடியாம்மா மோகனா! உன்னோட தெனம் பேஜாரு!" பூங்குழலி படியருகே வந்து மூச்சிரைக்க நிற்கிறாள். பஸ்ஸுக்குள் எரியும் விளக்கு அவள் முகத்தில் விழுகிறது. உள்ளே பேச்சு அடங்குகிறது. "நான் பூங்குழலிண்ணா. ஏற வரல, சும்மா ஓடறேன்." கியரில் வைத்த வேலாயுதத்தின் கை அப்படியே இருக்கிறது. முன்சீட்டில் ஒருத்தி டிபன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டு ஜன்னலோரம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். பஸ் நகர்ந்த பிறகும் அவள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.