கட்டி திரும்பவில்லை

காலையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கை கழுவும்போது டாக்டர் பூங்கோதையின் மதிப்பெண் திரையில் எழுபதிலிருந்து எழுபத்திரண்டாக ஏறியது. எழுபதுக்குக் கீழே போய்விட்டால் அறுவைசிகிச்சைக் கருவி அவள் கைக்கு இயங்காது. சிறுநீர்ப்பையில் அவள் அகற்றிய கட்டி மூன்று மாதத்துக்குள் அதே இடத்தில் வளர்ந்தால் மதிப்பெண் குறையும், வளராவிட்டால் ஏறும்.

ஏறிய மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து என்ற பெயர் இருந்தது. திருப்பூர் சாயப்பட்டறையில் முப்பது வருடம் நின்றவர், நகமெல்லாம் நீலம். இதயம் தாங்காது என்று அவர் கட்டியில் பாதியை விட்டுவைத்தது பூங்கோதைதான். அது வளராமல் இருக்க வழியே இல்லை.

அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். மனைவி எடுத்தார்.

"போன மாசமே நெஞ்சு வலியில தவறிட்டாருங்க. நீங்க நல்லாப் பார்த்தீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாருங்க, டாக்டரம்மா."

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு முன்பே ஆள் இறந்துபோனால், கட்டி திரும்பவில்லை என்றே திரை எடுத்துக்கொள்ளும். அழுகை வருமா என்று சற்று நின்று பார்த்தாள். வரவில்லை. மறுபடியும் கையைக் கழுவினாள்.

நர்ஸ் ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரு இருக்காங்க மேடம். ஒருத்தருக்கு நாப்பது வயசு. இன்னொருத்தருக்கு எண்பத்தாறு, ஹார்ட் ரொம்ப வீக்கு. உங்களுக்கு யாரைப் போடட்டும்?"

"பெரியவரைப் போடுங்க."

"எப்பவும் கஷ்டமான கேஸையே எடுத்துக்கறீங்க மேடம்" என்றார் ஸ்டெல்லா, மரியாதையோடு.