மாலை போட்ட கட்டம்

எமன் கொண்டுபோன ஆளை ஒற்றை விரலால் திரும்ப இழுத்துவந்தவன், இந்த மைசூரில் நான் ஒருவன்தான். அந்த ஆள், என் நண்பன் சாம்பு, தேவராஜ மொஹல்லா பிரவுசிங் சென்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து கோடுபளே முறுக்கைக் கடிக்கிறான். தன் படக்கதையின் கடைசிக் கட்டத்தில், தன் போட்டோவுக்கே மாலை போட்டு விளையாட்டாக வரைந்தவன். அதை நம்பி இணையக் கலைக்களஞ்சியம் ‘காலமானார்’ என்று எழுதிவிட்டது. அதைப் படித்ததிலிருந்து அவன் மனைவி ஹம்ஸாவுக்குத் தூக்கமில்லை. அந்த வார்த்தையை அழித்து, ‘மனைவியுடன் மைசூரில் வாழ்கிறார்’ என்று தட்டுகிறேன். “நீங்க தட்டினா மாறிடுமாக்கும்! ரீல் விடாதீங்கோ அண்ணா,” என்கிறாள் பின்னால் நிற்கும் ஹம்ஸா. மோடம் கீச்சிடுகிறது. “இருக்கேனா இல்லையா, சீக்கிரம் சொல்லுடா,” என்கிறான் சாம்பு. நீல வெளிச்சத்தில் பக்கம் வரிவரியாக இறங்குகிறது. ஹம்ஸா முந்தானையால் திரையைத் துடைத்து, ‘வாழ்கிறார்’ என்பதை மறுபடி படித்து, சாம்புவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். “ஹௌது, ஆமாம் அண்ணா,” என்கிறாள். “கொண்டுவந்துட்டேள்.”