லட்லோவில் அளந்த வீடுகள்

"சார், இந்த ஒரு வீடு மட்டும் இடிக்குது," என்றான் வாஞ்சிநாதன்.

சாப்பாட்டு மேசை முழுவதையும் அந்த வரைபடம் அடைத்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் லட்லோ என்கிற பழைய கோட்டை நகரம். அதில் பிராட் ஸ்ட்ரீட் என்கிற ஒரே ஒரு தெரு.

வாஞ்சிநாதன் அமெரிக்காவில், ஆஸ்டினில் கட்டடக்கலை வரலாற்றில் ஆராய்ச்சி செய்கிறவன். பேராசிரியர் பஞ்சலிங்கம் அந்தத் தெருவைப் பற்றி எழுதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போன கோடை முழுக்க அங்கே நடந்தவன். அவர் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, சுகர் லேண்டில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தான்.

பஞ்சலிங்கத்துக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். வலது கை மடியில் கிடந்தது. பேச்சு இருந்தது, பேச விருப்பம்தான் இல்லை.

அவருடைய வாதம் எளிமையானது. பிரபு முதலில் குன்றின்மேல் கோட்டையைக் கட்டினான். பிறகு கோட்டை வாசலுக்கு வெளியே கயிறு பிடித்து, குடியேற வந்தவர்களுக்கு மனை பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மனைக்கும் முகப்பு முப்பத்துமூன்று அடி. வீடுகள் இடிந்தன, திரும்ப எழும்பின, மரச்சட்டங்களுக்கு முன்னால் செங்கல் முகப்புகள் வந்து ஒட்டிக்கொண்டன. மனையின் எல்லை மட்டும் நூற்றாண்டுகளாக நகரவில்லை.

நிரூபிக்க நாற்பத்திரண்டு வீடுகளின் அளவு. அதுதான் புத்தகம்.

"மத்த நாப்பத்தொண்ணும் பர்ஃபெக்ட் சார். இதுல மட்டும் தேர்ட்டி-த்ரீன்னு போட்டிருக்கீங்க. நான் மூணு தடவை மெஷர் பண்ணேன். ட்வென்ட்டி-எய்ட்தான் வருது."



பஞ்சலிங்கம் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ராஜராணியின் பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"அது... இவ அளந்தது."

அவள் கை துவாயின்மேல் அப்படியே நின்றது.

அளந்து முடித்து இருபத்தாறு வருடம். கொழும்பில் புத்தகம் வெளியிட்டபோது அவர் சொல்லவில்லை. பேராசிரியர் பதவி கிடைத்த அன்று சொல்லவில்லை. முன்னுரையின் கடைசி வரியில் 'என் மனைவியின் பொறுமைக்கு' என்று ஒரு நன்றி இருந்தது, பெயர் இல்லை.

லட்லோவின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்துமா. அவர் வாடகை அறையில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். சேலைக்கு மேல் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு கதவு கதவாகத் தட்டியவள் அவள்தான். நிலவறைகளுக்குள் இறங்கினாள். பழைய எல்லைச் சுவர்களைக் கையால் தடவிக் கண்டுபிடித்தாள். வயிறு பெரிதான பிறகு குனிய முடியவில்லை. அந்தந்த வீட்டுக்காரர்களே அளவு நாடாவின் மறுநுனியைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

'இவ அளந்தது' என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனையோ வருடம் காத்திருந்து, பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

இன்றைக்கு வந்திருக்கிறது. பிழை என்று ஒருவன் விரல் வைத்துக் காட்டிய வீட்டுக்காக.

"ஓம் தம்பி," என்றாள். "நான்தான் அளந்தனான்."

"நீங்களா ஆன்ட்டி? இந்த வீடா, இல்ல எல்லாமேயா?"

"எல்லாம்."

வாஞ்சிநாதன் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். புத்தகத்தைப் புரட்டினான். எதையோ தேடி, கிடைக்காமல் மூடினான்.

"தீசிஸ்ல இந்த மிஸ்டேக்குக்கு ஒரு ஃபுட்நோட் போடணும் ஆன்ட்டி. மெஷர் பண்ணது யாருன்னு உங்க பேரையே போட்டுடட்டுமா?"

"போடுங்கோ."

அவள் துணிகளை ஒதுக்கிவைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். ஆங்கிலத்தில் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

"இந்த வீட்டை மெஷர் பண்ண டேட் அப்பெண்டிக்ஸ்ல இருக்கு. நவம்பர் நைன், நைன்ட்டீன் சிக்ஸ்ட்டி. சரிதானே?"

மகள் செல்வமணி தேநீர்த் தட்டோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் முப்பது மணி நேர டியூட்டி முடித்து வந்து, தூங்காத கண்கள்.

"நவம்பர் ஒன்பதோ? அண்டைக்கெல்லே நான் பிறந்தனான்," என்றாள்.

சொன்ன பிறகுதான் நோட்டில் அம்மாவின் பெயர் இருப்பதைப் பார்த்தாள். தட்டை வைக்காமல் நின்றாள்.

அன்று விடியற்காலையிலேயே ராஜராணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த ஒரே ஒரு வீடுதான் பாக்கி. வீட்டுக்காரர் அந்த ஒரு நாள்தான் வரச் சொல்லியிருந்தார். சாயங்காலம் பஞ்சலிங்கம் மழையில் நனைந்து கட்டிலருகே வந்தார். "கடைசி வீட்டை நானே அளந்திட்டன். சரியா முப்பத்துமூண்டு," என்றார். அதற்குப் பிறகுதான் குழந்தையைப் பார்த்தார்.

வாஞ்சிநாதனின் பேனா நோட்டுக்கு மேலே நின்றது. பஞ்சலிங்கம் கண்ணை மூடியிருந்தார். இடது கை விரல்கள் மட்டும் நாற்காலிக் கையைப் பிடித்திருந்தன.

"ஆன்ட்டி, அப்ப இந்த வீட்டை..."

"நான்தான் தம்பி. எழுதுங்கோ."

அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பேர் பிழையில்லாமல் இருக்கோ எண்டு நான் ஒருக்காப் பாக்கிறன்."