அடுத்த ஸ்லைடு

ஆராய்ச்சி நிலையத்தின் கருத்தரங்கு அறையில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். புரொஜெக்டரின் நீல ஒளி அவள் மூக்குக்கண்ணாடியில் நடுங்குகிறது. கணவனின் தசைகளைத் தின்னும் நோய்க்கென்று ஆறு வருடமாய் அவள் சோதித்த மருந்து எலிகளிடம் பலிக்கவில்லை. அந்த வரைபடம் அடுத்த ஸ்லைடில் இருக்கிறது. அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வராதே என்று கெஞ்சியும், கடைசி வரிசை ஓரத்தில் அவனுடைய சக்கர நாற்காலி நிற்கிறது. ரிமோட்டை அழுத்தாமல் அவள் பழைய ஸ்லைடையே மறுபடி விளக்குகிறாள். யாரோ இருமுகிறார்கள். "மேடம், ரெண்டே நிமிஷம்" என்கிறார் கூட்டத்தை நடத்துபவர். பின்னாலிருந்து அவன் குரல் குழறி வருகிறது. "மாத்தும்மா, எல்லாருக்கும் டீ ஆறுது. காலைல எனக்குச் சட்டை பட்டன் போடும்போதே உன் மூஞ்சில ரிசல்ட்டைப் பார்த்துட்டேன்."