நல்லா தூங்கினீங்களா?

தினமும் காலை ஏழு மணிக்குத் தூக்க ஆய்வு மையத்திலிருந்து மனைவிக்கு போன் வரும். பால்கனிக்குப் போய்ப் பத்து நிமிடமாவது சிரித்துச் சிரித்துப் பேசுவாள். மூன்று வருடமாக அவனுக்கு வயிறு எரிந்தது.

இன்று அவள் கதவைச் சாத்துவதற்குள், "நல்லா தூங்கினீங்களா?" என்று குழைந்த ஆண்குரல் அவன் காதில் விழுந்துவிட்டது. நேரே மையத்துக்குப் போனான்.

"எவன் சார் என் பொண்டாட்டிக்கு போன் பண்றவன்?"

மனைவியின் பெயரைச் சொன்னதும் ஆய்வாளர் முகம் மலர்ந்தார். "அவங்களா! ஆய்வுல சேர்ந்தவங்கள்ல பாதிப் பேர் ஓடிட்டாங்க. ஒருநாள்கூட விடாதவங்க அவங்க மட்டும்தான்."

"பேச்சை மாத்தாதீங்க. யாரவன்?"

"ஆளே இல்ல சார், பதிவு பண்ண குரல். நல்லா தூங்கினா ஒண்ணை அழுத்தணும், இல்லேன்னா ரெண்டு."

"பத்து நிமிஷம் பேசுறாளே!"

ஆய்வாளர் விழித்தார். "தினமும் ரெண்டைத்தான் அழுத்துறாங்க. அழுத்தினதுமே லைன் கட் ஆயிடுமே சார்?"