காத்து கொறஞ்சிருச்சு

ஐந்து நாளாகப் பேய்க்காற்று. மாரியூரில் ஒரு படகும் கடலுக்குள் போகவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெபஸ்டின் தன் ஜீப்பில் டயருக்குக் காற்றடிக்கும் ஏர் கம்ப்ரஸர் மாட்டினான்.

"கடக்கரையில காத்துக்கா பஞ்சம் மாப்ளே?" என்றார் மாமனார் பெஞ்சமின்.

அவரை அசத்தியே தீருவதென்று ஜீப்போடு கடற்கரை மணலுக்குப் போனவன், ஊர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டான்: "காத்து நல்லாக் கொறஞ்சிருச்சு. இனி தைரியமா இறங்கலாம்!"

கால் மணி நேரத்தில் ஊரே வலையும் ஐஸ் பெட்டியுமாகக் கரைக்கு ஓடிவந்தது. வந்தவர்கள் கைலியைப் பிடிப்பதா, வலையைப் பிடிப்பதா என்று தவித்தார்கள்.

"எங்க மாப்ளே கொறஞ்சிருக்கு?"

ஜெபஸ்டின் மெல்ல டயரைக் காட்டினான். "மணல்ல பொதையாம இருக்க, பாதிக் காத்தை எறக்கிட்டேன் மாமா. ரோட்டுக்கு ஏறுனதும் மிசினே அடிச்சிரும்."

மாமனார் கடலைப் பார்த்தார்.

"இப்பவே அடிங்க. இந்தக் காத்தையும் பிடிச்சு டயருக்குள்ள அடைச்சிட்டீங்கன்னா, நாங்க தொழிலுக்குப் போயிருவோம்."